புல்லுக்குப் போகாத தண்ணீர்

கிடா வெட்டு நடந்த இடத்தில் அடுத்த மழைக்குப் புல் தனியாகத் தெரியும். அய்யனார் கோயில் திடல் முழுக்க வெளிறிக் கிடக்க, ரத்தம் ஊறிய நாலு முழ மண்ணில் மட்டும் அறுகு கருகருவென்று நிற்கும். மாடு மூத்திரம் பெய்த இடத்திலும் அப்படித்தான். புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர்ப் பக்கம் மாடு மேய்த்தவர்கள் இதற்கு யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை. மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

விளக்கம் இதுதான்: ரத்தம் பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். புரதம் மண்ணில் மக்கும்போது நைட்ரஜன் வெளியே வரும். ஒரு லிட்டர் ரத்தத்தில் 25 முதல் 30 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதையே காயவைத்துப் பொடித்தால் எடையில் 12, 13 சதவீதம் நைட்ரஜன் நிற்கும். சாணத்தில் ஒரு சதவீதம் தேறினாலே பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பாரிஸ் கசாப்புக் கூடங்களின் ரத்தத்தை உலர்த்தி உரமாக விற்றார்கள். கடல் கடந்து கரும்புத் தீவுகளுக்குக்கூட அது கப்பலேறியது. 1870களில் பாரிஸ் சாக்கடை நீரை ஜென்வில்லியே சமவெளியில் காய்கறிக்கும் புல்லுக்கும் பாய்ச்சினார்கள். அதே பிரெஞ்சு அரசுதான் 1880இல் ஓர் ஆணை போட்டுப் பாகூரையும் வில்லியனூரையும் கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பகுதிகளாக்கியது. ஊரை நிர்வாகம் செய்யும் முறை இங்கே வந்து சேர்ந்தது. சாக்கடையைப் புல்லாக்கும் முறை வந்த சுவடு எதுவும் கண்ணில் படவில்லை.

அன்று அது தேவையும் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கிராமத்தில் கறி என்பது நாள் கணக்கில் வருவது. ஆடித் திருவிழா, தீபாவளி, கரிநாள், காது குத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். அன்றைக்குத்தான் ஆடு விழும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் அறுத்துக் கூறு போட்டுக்கொள்வதும் உண்டு. விழுந்த ஆட்டில் வீணாவது மிகக் கொஞ்சம். ரத்தம் பொரியலுக்கு, குடலும் ஈரலும் குழம்புக்கு, தலையும் காலும் சூப்புக்கு. தோலை உப்புத் தடவி வியாபாரி வாங்கிப்போவார். எலும்பைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போய் எடைக்குப் போட ஆள் இருந்தது. மிஞ்சுவது இரண்டே பொருள்: இரைப்பைக்குள் பாதி செரித்துக் கிடந்த புல், கழுவிய தண்ணீர். புல் குப்பைக் குழிக்குப் போகும் அல்லது தென்னை அடியில் புதையும். தண்ணீர் வாழைக்குப் போகும். அந்தத் தண்ணீரும் இரண்டு குடம், மூன்று குடம். கிணற்றிலிருந்து இறைத்துத் தூக்கி வர வேண்டிய காலத்தில் யாரும் இறைச்சியைக் குழாயடியில் போட்டு அலசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெரிய அளவில் உரம் வந்தது செத்த ஆட்டிலிருந்து அல்ல, உயிருள்ள ஆட்டிலிருந்து. நவரை அறுப்பு முடிந்து சொர்ணவாரிக்கு உழும் முன்பு பாகூர்ப் படுகையில் பட்டி கட்டுவார்கள். பகலெல்லாம் ஏரிக்கரையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் மேய்ந்த மந்தையை இரவில் வயலில் அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். மறுநாள் பட்டியைப் பக்கத்து வயலுக்கு நகர்த்துவார்கள். ஆட்டுக்காரருக்கு நெல்லோ பணமோ கூலி. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம், உரத்தை யாரும் சுமக்க வேண்டியதில்லை என்பது. நாலு காலில் நடந்து வந்து தானே இறங்கிக்கொள்ளும். இந்தச் சங்கதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது வேண்டியிருக்கும்.

இந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. செத்த மாட்டைத் தூக்குவது, தோலுரிப்பது, குடல் கழுவுவது, எலும்பு பொறுக்குவது எல்லாம் யார் தலையில் இருந்தன என்பது ஊருக்கே தெரியும். ஒன்றும் வீணாகாமல் பார்த்துக்கொண்டவர்களை ஊர் தள்ளியே வைத்திருந்தது. சேரிக்காரர் மறுத்தால் களத்தில் நெல் கிடைக்காது என்ற பயத்தின் மேல் நடந்த மறுசுழற்சி அது. அடைப்பான் நோய் கண்ட மாட்டைத் தெரியாமல் அறுத்தால் அந்தக் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதன் பலியும் பெரும்பாலும் அவர்களே. இன்று அந்த வேலையை மறுக்க முடிகிறது என்றால் நல்லதுதான். அவர்கள் விட்ட இடத்தில் வேறு எந்த ஏற்பாடும் வரவில்லை என்பதே கோளாறு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லியனூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் சாலையோரம் கறிக்கடை. ஆட்டுக்கடைக்குப் பக்கத்தில் கோழிக்கடை, கோழிக்கடைக்கு எதிரே இன்னொரு கோழிக்கடை. 1990களுக்குப் பிறகு பிராய்லர் கோழி வந்து கறியைத் திருவிழாவிலிருந்து பிரித்து எடுத்து வாரக் கணக்குக்குக் கொண்டுவந்தது, பிறகு தினக் கணக்குக்கு. இரண்டு கொம்யூனிலும் மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, விடுதி, தொழிற்பேட்டை என்று வளர்ந்த பிறகு பிரியாணிக்கு நேரம் காலம் கிடையாது. மோட்டார் போட்டால் குழாயில் தண்ணீர். வெட்டுக்கட்டை, தரை, தட்டு, வாளி எல்லாவற்றையும் ஓஸ் பைப் பிடித்து அடித்துக் கழுவிவிடுகிறார்கள். ரத்தமும் கொழுப்பும் இறகுத் துணுக்கும் கலந்த தண்ணீர் கடை வாசலில் உள்ள வாய்க்காலில் இறங்குகிறது.

அந்த வாய்க்கால் எங்கே போகும் என்று கேட்டால் பதில் நிலத்தின் சரிவில் இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி என்கிற செஞ்சியாறு. வடமேற்கே ஊசுடு ஏரி, 2008இல் பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. தெற்கே பாகூர் ஏரி, தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்புகிற ஏரி. பங்காரு, சிங்காரு என்று இரண்டு தாசிகள் தங்கள் சொத்தில் வெட்டிய வாய்க்கால்கள் என்று ஊரில் கதை உண்டு. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு புதுச்சேரி ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, தூர் வாரி, கரை உயர்த்தி, விவசாயிகள் சங்கங்கள் அமைத்தார்கள். ஏரிக்குள் வரும் தண்ணீரின் அளவு பற்றிப் பேசிய அளவுக்கு அதில் என்ன கலந்து வருகிறது என்பது பற்றி நாம் பேசவில்லை.

கலந்து வருவதன் வீரியம் சாதாரணமில்லை. அழுக்குத் தண்ணீரை அளக்க ஒரு கணக்கு உண்டு. அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பார்கள். வீட்டுச் சாக்கடைக்கு லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம். கலப்பில்லாத ரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம். ஒரு கிடாயில் வடிவது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. மூன்று கிடாயின் ரத்தம் 300 லிட்டர் தண்ணீரில் கலந்து போனால் அந்த வாய்க்கால் நீர் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும். ஏரித் தண்ணீரில் கரைந்திருப்பதோ ஏழு எட்டு மில்லிகிராம். ஏரி எங்கே போய் கடன் வாங்கும்? மீன் செத்து மிதக்கிறது, தண்ணீர் கறுக்கிறது, ஆகாயத்தாமரை தழைக்கிறது. ஆகாயத்தாமரையின் செழிப்பும் அந்தக் கிடா வெட்டுத் திடலில் அறுகு செழித்ததும் ஒரே நைட்ரஜனின் வேலை.

மண்ணில் கதை வேறு. மண் துகள்களுக்கு இடையில் காற்று இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஊற்றினால் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். புரதம் அம்மோனியாவாகும், அது நைட்ரேட்டாகும், அதைப் புல் வேர் உறிஞ்சிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை நம் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுகோலில், கழிவுநீரை ஆறு ஏரியில் விடுவதானால் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதானால் 100 வரை போகலாம். மண்ணுக்குச் செரிக்கும் சக்தி அதிகம் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியும்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அங்கே ஆட்டுக்கறி ஏற்றுமதி ஒரு நாட்டுத் தொழில். ஆயிரக்கணக்கில் ஆடுகள் வெட்டும் ஆலைகளின் கழிவுநீர் முதலில் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்க்கொண்டிருந்தது. பிறகு கொழுப்பையும் திடப்பொருளையும் பிரித்துவிட்டுப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் தெளிக்கத் தொடங்கினார்கள். 1955இல் தொடங்கிய இறைச்சித் தொழில் ஆய்வுக் கழகம் ஹாமில்டனில் இருந்துகொண்டு இதையும் ஆராய்ந்தது. புல் நன்றாக வளர்ந்தது, அதில் சந்தேகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அந்தப் புல்லை அங்கேயே ஆடு மாடு மேய்ந்தால், தின்ற நைட்ரஜனில் பெரும்பகுதியை அதே நிலத்தில் மூத்திரமாக விட்டுவிடும். மேலே கழிவுநீர், அதன் மேல் மூத்திரம். வேர் எடுக்க முடியாத நைட்ரேட் மழையோடு நிலத்தடிக்கு இறங்கும். அதே புல்லை அறுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டால் நைட்ரஜன் நிலத்தைவிட்டு வெளியேறிவிடும்.

இங்கேதான் பாகூருக்கும் வில்லியனூருக்கும் ஓர் அனுகூலம் ஒளிந்திருக்கிறது. நம்மிடம் மேய்ச்சல் நிலமே இல்லை. மேய்க்கால் புறம்போக்குகள் மனைப்பட்டாவாகவும் அலுவலகமாகவும் விளையாட்டுத் திடலாகவும் மாறி வெகு காலமாயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலும் கட்டாகி லாரியேறிவிடுகிறது. பான்லே சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகளில் கலப்பினப் பசு கட்டுத்தறியில்தான் நிற்கிறது. தீவனம் அதைத் தேடி வர வேண்டும். வரப்பில் புல் அறுக்கும் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது அன்று. இன்று கோ-4, கோ-5 என்று கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டு, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் அறுத்து, நறுக்கிப் போடுகிறார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள் பாதுகாப்பானது என்று முடிவுக்கு வந்த முறையை வறுமையாலும் இட நெருக்கடியாலும் நாம் ஏற்கெனவே கைக்கொண்டிருக்கிறோம்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991இல் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களில் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலமில்லாத பெண்கள் ஆட்டைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பதும், தீவனத்தை ஊரிலேயே உண்டாக்குவதும் அதன் அங்கமாக இருந்தன. ஒருவர் வீட்டுக் கழிவு அடுத்த வீட்டு மூலப்பொருள் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் மையத்தில் இருந்தது. வைக்கோலில் காளான், குளத்தில் மீன், கொட்டிலில் ஆடு. கறிக்கடைத் தண்ணீரை அந்தப் பட்டியலில் சேர்க்க அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. அன்று அந்தத் தண்ணீர் அவ்வளவு இல்லை.

இனி அந்தக் கணக்கு. கறிக்கடைக் கழிவுநீரில் நைட்ரஜன் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை ஏறும், இறங்கும். ஒரு லட்சம் லிட்டரில் 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு லட்சம் லிட்டரைச் சுமக்க 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இருபது நடை போக வேண்டும். இரண்டாவது நடையின் டீசலிலேயே யூரியாவின் விலை தாண்டிவிடும். கழிவுநீரை உரம் என்று புகழ்கிறவர்கள் பலர் இந்த இடத்துக்கு வருவதில்லை. மானிய யூரியா இருக்கும்வரை கறிக்கடைத் தண்ணீரை எந்த விவசாயியும் காசு கொடுத்து வாங்க மாட்டார், இலவசமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்றாலும் நாற்றத்துக்குப் பயந்து வேண்டாம் என்பார். பட்டி கட்டியபோது உரம் தானே நடந்து வந்தது. இது நடக்காது. ஆகவே புல்தான் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

எவ்வளவு புல்? ஒட்டுப்புல்லுக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 75 கிலோ நைட்ரஜன் போடச் சொல்வார்கள். பத்து சென்ட் நிலத்துக்கு அது 3 கிலோ. 3 கிலோ நைட்ரஜன் 15,000 லிட்டர் தண்ணீரில் இருக்கும். அதை நாற்பத்தைந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 330 லிட்டர் சொச்சம். சாலையோரத்தில் ஓரளவு ஓடும் ஒரு கறிக்கடையின் ஒரு நாள் கழுவல் அது. பத்து சென்ட்டில் அந்த 15,000 லிட்டரும் நிற்பது ஒன்றரை அங்குல உயரம்; ஒரு தண்ணீர் கட்டுவதற்குக்கூட வராது. மீதிப் பாசனத்துக்கு நல்ல தண்ணீரும் வேண்டும். கோ-4 ஹெக்டேருக்கு ஆண்டில் 380 டன் வரை தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் வயலில் பாதிதான் தேறும் என்று வைத்தாலும் பத்து சென்ட்டில் நாளுக்கு 20 கிலோ பசும்புல் கிடைக்கும். ஒரு பசுவுக்கு ஏறக்குறைய போதும். ஒரு கறிக்கடை, பத்து சென்ட், ஒரு பசு. இந்த அளவில் பார்க்கும்போதுதான் விஷயம் கைக்கு அடக்கமாகத் தெரிகிறது.

அடக்கமாகத் தெரிவதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் எதிரி கொழுப்பு. வடிகட்டாமல் விட்டால் மண்ணின் மேல் பிசுக்குப் படலம் கட்டி, காற்றும் நீரும் இறங்கும் துளைகளை அடைத்துவிடும். கடைக்குப் பின்னால் ஒரு சல்லடை, ஒரு கொழுப்புத் தொட்டி, தெளிய ஒரு தொட்டி இல்லாமல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இரண்டாவது எதிரி உப்பு. தோல் பதப்படுத்தத் தூவும் உப்பு தண்ணீரில் கலந்தால் சோடியம் ஏறும். செம்மண் கலந்த மேட்டு நிலம் கொஞ்சம் தாங்கும். பாகூரின் களி மண் தாங்காது. சோடியம் ஏறிய களி, மழைக்குக் கூழாகி வெயிலுக்குக் கல்லாகும். கிருமாம்பாக்கம், மணப்பட்டு என்று கடலை ஒட்டிய பக்கத்தில் நிலத்தடி நீரில் உப்பேறும் கவலை ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சேரி வட்டாரமே நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியது உண்டு. குடிநீரும் பெரும்பாலும் அந்த நிலத்தடியிலிருந்துதான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அளவு பார்க்காமல் ஒரே மூலையில் கொட்டிக்கொண்டே இருந்தால் ஏரியைக் காப்பாற்றிக் கிணற்றைக் கெடுத்தவர்களாவோம்.

மூன்றாவது, நோய். சால்மொனெல்லா, நாடாப்புழு முட்டை, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா எல்லாம் இந்தத் தண்ணீரில் பயணம் செய்யக்கூடியவை. அந்தப் பயணத்தின் அடுத்த நிறுத்தம் பசுவின் வாய் என்பதால் அலட்சியம் கூடாது. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பைத்திய மாட்டு நோய், விலங்குக் கழிவை விலங்குக்கே தீனியாகக் கொடுத்ததால் பரவியது. அதன் பிறகு ஐரோப்பாவில் விதிகள் இறுகின. விலங்குக் கழிவிலிருந்து செய்த உரத்தைப் போட்ட நிலத்தில் 21 நாளைக்குக் கால்நடை மேயக் கூடாது, அங்கே அறுத்த புல்லும் தீவனமாகக் கூடாது. நம் ஒட்டுப்புல்லின் நாற்பத்தைந்து நாள் சுற்று இதற்கு வாகாக அமைகிறது. நிலத்தை இரண்டாகப் பிரித்து, அறுத்த முதல் மூன்று வாரம் ஒரு பாதிக்குக் கழிவுநீர், பிறகு நல்ல தண்ணீர் மட்டும். அதற்குள் அடுத்த பாதி அறுப்புக்கு வந்துவிடும். வெயிலும் காலமும் கிருமியைக் குறைக்கும். ஆனாலும் நோய்பட்ட ஆட்டை வெட்டாமலிருப்பதுதான் முதல் காவல். அதற்கு வெட்டும் முன் ஆட்டைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை. 2001ஆம் ஆண்டின் கசாப்புக் கூட விதிகள் வெட்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் என்கின்றன. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று எண்ணிக்கை வரை எழுதியிருக்கின்றன. ஆனால் நாளுக்குப் பத்து விலங்குகளாவது வெட்டும் இடம்தான் அந்த விதிகளின் கண்ணில் கசாப்புக் கூடம். தார்ப்பாய்க்கு அடியில் நாளுக்கு மூன்று ஆடு விழும் சாலையோரக் கடை அதற்குள் வருவதில்லை. இத்தனைக்கும் வில்லியனூருக்கு அருகில் குரும்பாபேட்டில் 1994இலிருந்து ராஜீவ் காந்தி பெயரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. நகரத்துக் குப்பைக் கிடங்கும் அங்கேதான். மருத்துவர், புல் ஆலோசகர், கழிவு மூன்றும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததாகத் தெரியவில்லை.

நாலாவது எதிரி நாட்காட்டி. புரட்டாசியில் கறிக்கடை காற்று வாங்கும். அப்போது மண் காய்ந்திருக்கும், புல் தண்ணீருக்கு ஏங்கும். புரட்டாசி முடிந்த சூட்டோடு தீபாவளி வரும். ஆண்டிலேயே அதிகம் ஆடு விழும் நாள் அதுதான். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்வதும் அப்போதுதான். நனைந்து நிறைந்த மண்ணில் கழிவுநீர் விட்டால் அது மேலோடு ஓடி வாய்க்காலுக்கே திரும்பும். மூன்று மாத மழைக்காலத்துக்குச் சேர்த்துவைக்க நாளுக்கு 330 லிட்டர் வீதம் 30,000 லிட்டர் தொட்டி வேண்டும். சின்னக் கடைக்காரருக்கு அது கட்டாது.

தண்ணீரின் வீரியத்தை முதலிலேயே குறைக்க ஒரு வழி இருக்கிறது. ரத்தத்தைக் கழுவல் நீரில் கலக்கவிடாமல் தனி வாளியில் பிடிப்பது. அன்று சமையலுக்காகச் செய்ததை இன்று வாய்க்காலுக்காகச் செய்ய வேண்டும். கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கிராமக் கசாப்பு இடங்களில் வீணாகும் மாட்டு ரத்தத்தையும் இரைப்பைப் புல்லையும் சேர்த்து உலர்த்தி உரமாக்கி, தக்காளி, மிளகாய், கத்தரிச் செடிகளுக்குத் தொட்டியில் போட்டுப் பார்த்து 2013இல் கட்டுரை எழுதினார்கள். காய்ந்த பொடி என்பதால் அதைச் சுமக்கலாம். மழைக்காலத்திலும் மூட்டையில் கிடக்கும். ரத்தம் போன பிறகு மிஞ்சும் தண்ணீருக்குப் பத்து சென்ட் புல்கூட வேண்டியிருக்காது. தெலங்கானாவின் ருத்ராரத்தில் உள்ள பெரிய ஏற்றுமதி ஆலையில் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். அது அந்த அளவுக்குப் பொருந்தும். நமக்கு வாளி போதும்.

கடைக்காரரிடம் நிலம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாலையை ஒட்டிப் பத்துக்குப் பத்து அடியில் வாடகைக்கு இருப்பவர் கடைக்குப் பின்னால் புல் நடச் சொன்னால் சிரிப்பார். ஆகவே தனித்தனிக் கடைக்கு அல்லாமல், நாலைந்து ஊருக்கு ஒரு பொதுக் கூடம், அதை ஒட்டி ஒன்றிரண்டு ஏக்கர் புல் என்றுதான் இது நடக்க முடியும். கூடம் பெரிதாகிப் பத்து விலங்கு எண்ணிக்கை தாண்டிவிட்டால் 2001 விதிகளும் கால்நடை மருத்துவரும் கூடவே வந்துவிடுவார்கள். மதுரையில் இதற்கு முன்மாதிரி உண்டு. அவனியாபுரத்துச் சாக்கடைப் பண்ணையில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சிப் பல பத்தாண்டுகள் புல் வளர்த்தார்கள். மாடு வைத்திருந்தவர்கள் அதை வாங்கிப்போனார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் 1897இலிருந்து வெரிபீயில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சி ஒரு நூற்றாண்டு புல் வளர்த்தது.

கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குக் குத்தகை விடுவது புதிதல்ல. ஏரி மீனுக்குக் குத்தகை, புளியமரத்துக்குக் குத்தகை, சந்தைக்குக் குத்தகை. அந்த வரிசையில் புல்லுக்கும் ஒரு குத்தகை விடலாம். கூடத்தை ஒட்டிய புல்லை அறுக்கும் உரிமையைப் பால் சங்கத்துக்கோ மகளிர் குழுவுக்கோ கொடுத்தால், வாங்கியவர் தண்ணீரில் உப்பும் கொழுப்பும் வந்தால் சண்டைக்கு வருவார். ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதைவிட அந்தச் சண்டைக்கு வேலை செய்யும் குணம் அதிகம்.

ஆனால் ஏலம் விட வேண்டிய பஞ்சாயத்தில் உறுப்பினர் யாரும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது; பிறகு 38 ஆண்டு கழித்து 2006இல் நடந்தது; 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் பெட்டி திறக்கவே இல்லை. கொம்யூனை ஆணையர்தான் நடத்துகிறார். மாற்றல் வந்தால் போய்விடுவார். வாளி வாங்கக் கடைக்காரரே போதும். கூடத்துக்கும் தொட்டிக்கும் இரண்டு ஏக்கர் புறம்போக்குக்கும் கையெழுத்துப் போட்டு, முதல் மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழியும்போது ஊராரிடம் திட்டு வாங்கவும் தயாராக உள்ளூரில் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் அந்த நாற்காலிகள் 2011இலிருந்து காலி.